நான்கெல்லை அற்ற படம் சாட்சியாகுமா?

காணி வாங்கும் கமக்காரர் உறுதியில் முதலில் எதைப் பார்க்கின்றார்? நான்கெல்லையைப் பார்க்கின்றார். கிழக்கில் எவர் காணி, வடக்கில் எந்த ஒழுங்கை என்று எழுதாத உறுதிக்கு அவர் காசு கொடுக்கமாட்டார். ஆயின், நான்கெல்லையும் வெட்டி எறியப்பட்ட ஒளிப்படத்தைக் கண்டதும் அவரும் நம்பிவிடுகின்றார். கற்றோராகிய நாமும் நம்பிவிடுகின்றோம். இஃது என்ன நியாயம்?

படத்தில் ஒருவரைச் சூழ இருப்பவை யாவும் அப்படத்தின் எல்லைகளே. அவர் எங்கு நின்றார், எவரோடு நின்றார் என்பதற்கு அவையே சாட்சி. சோவியத் நாட்டில் மொஸ்கோ–வொல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினுடன் நின்றவர் யெசோவ். அவர் பதவி இழந்து 1940இல் கொல்லப்பட்டார், படத்திலிருந்தும் அகற்றப்பட்டார். அவர் நின்ற இடத்தை நீர் நிரப்பியது! அன்று அதற்குக் கைதேர்ந்தவரின் உழைப்பு வேண்டியிருந்தது. 1990இல் போட்டோஷொப் வெளிவந்த பின்னரும் உருவின் ஓரத்தைக் கையால் வரைந்தே பிரித்தனர். இன்றோ, ஒரு பொத்தானை அழுத்தினால் மென்பொருளே ஆளை இனங்கண்டு, சூழ உள்ளதைச் சில நொடிகளில் நீக்கிவிடுகின்றது.

இது சர்வாதிகாரிகளின் கைங்கரியம் மட்டுமே என எண்ணற்க. 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய் பெருகிய வேளை, லூசியானாக் கடற்கரையில் ஒபாமா நின்றார். ரொய்ட்டர் படத்தில் கரையோரக் காவற்படை அட்மிரலும் உள்ளூர்ச் சபைத் தலைவியும் உடனிருந்தனர். 'எக்கொனொமிஸ்ற்' இதழின் அட்டையிலோ அவர் தலைகவிழ்ந்து தன்னந்தனியே நின்றார். அட்மிரல் ஓரத்தோடு வெட்டப்பட்டார்; தலைவி கணினியால் அழிக்கப்பட்டார். முகமறியாத பெண் வாசகரைக் குழப்புவார் என்பதே அவ்விதழ் கூறிய காரணம். நோக்கம் தூயதாகவே இருக்கட்டும். இருவரோடு நின்றவர் எவருமற்றவராகக் காட்டப்பட்டார் என்பதை மறுக்க முடியுமா?

மணவிழாப் படத்திற்கோ கடை விளம்பரத்திற்கோ பின்னணியை நீக்குவதை நாம் எதிர்க்கவில்லை. அங்கே எவரும் ஏமாறுவதில்லை. செய்தியாகவும் சாட்சியாகவும் முன்வைக்கப்படும் படத்தைப் பற்றியதே நமது வழக்கு.

1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியம் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் கணினிச் சான்றுகளுக்கு நமது நீதிமன்றங்களின் கதவைத் திறந்தது. அச்சான்றையும் அதனை ஆக்கிய கருவியையும் பார்வையிடக் கோரும் உரிமையை எதிர்த்தரப்புக்கு அதே சட்டம் அளிக்கின்றது. சட்டத்தரணிகளே, அவ்வுரிமையை ஏன் உறங்க விடுகின்றீர்கள்? மூலப்படத்தைக் கேளுங்கள்! கமக்காரரே, வெள்ளம் அழித்த வயலைப் படமெடுக்கும்போது வரம்பும் கிணறும் அயல் வேலியும் தெரிய எடுங்கள். மூலப்படத்தை அழியாது வையுங்கள். பத்திரிகையாளரே, மாற்றிய படத்தின் கீழ் மாற்றியதென்று அச்சிடுங்கள்.

எல்லைக்கல்லைப் பிடுங்குபவனை ஊர் மன்னிப்பதில்லை. படத்தின் எல்லையைப் பிடுங்குபவனை மட்டும் நாம் ஏன் மன்னிக்க வேண்டும்?