தீர விசாரிக்கும் கலை

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. இதற்குள் ஒரு தருக்க நூலே அடங்கியிருக்கிறது என்றால் மிகையாகாது. அறிவு பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகச் சைவ சித்தாந்தம் வகுக்கும். கண்ணால் காண்பது காண்டல். காதால் கேட்பது உரை. தீர விசாரிப்பது கருதல். இவற்றுக்கு நம் முன்னோர் இட்ட பொதுப் பெயர் அளவை. துணியை முழக்கோலால் அளப்பது போல, உண்மையையும் அளந்தே வாங்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

வரலாறு படிக்கும் நாம் இந்த அளவையைக் கற்கிறோமா? இல்லை என்பதே என் துணிபு. அதைக் கற்றுத்தரும் இடம் நமக்கு அருகிலேயே இருந்தும், அது நமக்கு உரியதன்று என்று ஒதுங்கி நிற்கிறோம் என்பதையும் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். என் சொந்த அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

நான் குன்றத்தூரைச் சேர்ந்தவன். தொண்டை மண்டலத்துப் புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்த எங்கள் ஊர், பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் என்று பெயர் பெற்றது. சென்ற ஆண்டு வகுப்புக் கருத்தரங்கில் எங்கள் ஊரைப் பற்றிக் கட்டுரை படித்தேன். சோழர் காலக் கல்வெட்டு ஒன்றில் 'சேக்கிழான்' என்ற பெயரைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இதோ, பெரியபுராண ஆசிரியர் கல்வெட்டிலேயே காட்சி தருகிறார்!" என்று முழங்கினேன். கைதட்டலும் கிடைத்தது.

கைதட்டல் ஓய்ந்ததும், எங்கள் ஊர்க்காரரே ஆன வகுப்புத் தோழர் ஒருவர் எழுந்தார். "சேக்கிழார் என்பது குடிப்பெயர் என்று நீயே சொன்னாய். புலவரும் அக்குடியினர், கல்வெட்டில் வருபவரும் அக்குடியினர். அதனால் இருவரும் ஒருவரே என்கிறாய். நீயும் குன்றத்தூர்க்காரன், நானும் குன்றத்தூர்க்காரன். அதனால் நீயும் நானும் ஒரே ஆளா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நான் தலை குனிந்தேன்.

பின்னர் தேநீர்க் கடையில், "இந்த வாதத்தை எங்கே கற்றாய்?" என்று கேட்டேன். "கல்லூரிக்கு வருமுன் இரண்டு ஆண்டுகள் மதரஸாவில் ஓதினேன். அங்கே மன்திக் பாடத்தில் இது ஆரம்பப் பாடம்" என்றார். மன்திக் என்றால் தருக்கம். சிறு கூற்று சுக்ரா, பெருங் கூற்று குப்ரா, முடிவு நதீஜா. இரண்டு கூற்றுகளையும் இணைக்கும் நடுச்சொல் இரண்டிலும் பயனிலையாக நின்றால், அவற்றில் ஒன்று எதிர்மறையாக இருந்தாலன்றி முடிவு பிறக்காது என்பது விதி. என் கட்டுரையில் 'சேக்கிழார் குடியினர்' என்பதே நடுச்சொல். இரண்டு கூற்றும் உடன்பாடு. ஆகவே முடிவு பிறக்கவில்லை, நானாகப் பெற்றெடுத்தேன்! மூன்றாண்டு வரலாற்றுப் படிப்பு எனக்குத் தராத பாடத்தை, ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் அவர் தந்துவிட்டார்.

இந்த மன்திக் நம் மண்ணுக்கு வந்த கதை சுவையானது. அரிஸ்டாட்டிலின் தருக்கம் பாக்தாதில் அரபு மொழிக்குப் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் அப்ஹரீ என்பவர் மாணவர்க்காக 'ஈஸாகூஜி' என்ற சிறுநூலை இயற்றினார். அந்தப் பெயரே கிரேக்கச் சொல்தான். 18ஆம் நூற்றாண்டில் இலட்சுமணபுரி என்னும் லக்னோவின் பிரங்கி மஹாலில் முல்லா நிஜாமுத்தீன் வகுத்த பாடத்திட்டத்தில் தருக்கத்துக்குச் சிறப்பிடம் கிடைத்தது. 'தர்ஸே நிஜாமி' என்று இன்றும் வழங்கும் பாடமுறை அவர் பெயரால் அமைந்ததே.

அவருடைய மகன்தான் மௌலானா அப்துல் அலீ. 'பஹ்ருல் உலூம்', அதாவது 'கல்விக் கடல்' என்று புகழப்பட்டவர். லக்னோவிலிருந்து புறப்பட்டு, இராம்பூரிலும் வங்கத்துப் புஹாரிலும் பாடம் சொல்லி, ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்தார். முஹிப்புல்லாஹ் பிஹாரீ எழுதிய 'சுல்லமுல் உலூம்' என்ற தருக்க நூலுக்கு இவர் செய்த உரை அறிஞர் போற்றுவது. 1810இல் மறைந்த இவர், 1795இல் எழுந்த திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலின் வளாகத்தில் அடங்கியிருக்கிறார். கிரிக்கெட் பார்க்கச் சேப்பாக்கம் செல்லும் நம்மில் எத்தனை பேருக்கு, கூப்பிடு தூரத்தில் ஒரு தருக்கப் பேராசிரியர் துயில்வது தெரியும்?

தருக்கம் வெளியிலிருந்துதான் வந்தது என்று எண்ணிவிட வேண்டாம். மணிமேகலை அளவை இலக்கணம் கேட்டது நம் காஞ்சியில். அக்காப்பியத்தின் 29ஆம் காதை பௌத்தத் தருக்கத்தைத் தமிழில் விரித்துரைக்கிறது. பௌத்தத் தருக்கத்தின் தந்தை எனப்படும் திக்நாகர் காஞ்சியை அடுத்த ஊரில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. ஆக, காஞ்சியிலிருந்து திருவல்லிக்கேணி வரை நீளும் நிலப்பரப்பில் பௌத்தர், சமணர், சைவர், வைணவர், இஸ்லாமியர் என எல்லாரும் அளவைக் கோலைக் கையில் ஏந்தியிருக்கின்றனர். கோலின் பெயர் வேறு. நீளம் ஏறத்தாழ ஒன்றே.

"சரி, தருக்கம் வேறு, வரலாறு வேறு அல்லவா?" என்று கேட்கலாம். 1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன் இதற்கு விடை தருகிறார். மூசா நபியின் படையில் 6 இலட்சம் பேர் இருந்தனர் என்று முன்னைய வரலாற்றாசிரியர் எழுதியதை அவர் அப்படியே ஏற்கவில்லை. அத்தனை பேரை எந்த நிலம் தாங்கும்? போர்க்களத்தில் எப்படி அணிவகுக்க முடியும்? யாக்கோபு முதல் மூசா வரையுள்ள சில தலைமுறைகளில் இத்தனை பேர் பெருகுவது கூடுமா? இப்படிக் கேட்டு அந்த எண்ணைத் தள்ளினார். சொன்னவர் பெரியவர் என்பதற்காகச் சொன்னது உண்மையாகிவிடாது என்பது அவர் காட்டிய நெறி.

மதரஸாக் கல்வியில் இன்னொரு கருவியும் உண்டு. பொய் சொல்ல ஒன்றுகூடியிருக்க இயலாத அளவுக்குப் பலர், ஒவ்வொரு தலைமுறையிலும் சொல்லிவந்த செய்தி 'முதவாத்திர்'. அந்த அளவை எட்டாதது 'ஆஹாத்'. இதை எங்கள் ஊருக்குப் பொருத்திப் பார்த்தேன். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். அவர் வரலாறு கூறும் சேக்கிழார் புராணம் 14ஆம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்குவது. இடையில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். அந்த இடைவெளியில் செய்தியை ஏந்தி வந்தவர் யார் என்று கேட்பது ஊரை இழிவுபடுத்துவதாகாது. கேள்வியைத் தாங்கி நிற்கும் பெருமையே நிலைத்த பெருமை.

வட்டார வரலாற்றுக்கு இஸ்லாமியக் கல்வி வேறொரு வகையிலும் இன்றியமையாதது. காஞ்சியும் செங்கற்பட்டும் அடங்கிய சீமையை 1763இல் நவாபு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அந்த நவாபின் அரண்மனை மொழி பாரசீகம். கம்பெனியின் ஆங்கில ஏடுகளை மட்டும் படித்தால் வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்டதாகும். இக்குறையை உணர்ந்தே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முகம்மது ஹுசைன் நயினார், கர்நாடக நவாபுகளின் வரலாற்று மூலங்களைப் பாரசீகத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1934 முதல் வெளியிட்டார். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முகம்மது யூசுப் கோகன், 1710 முதல் 1960 வரை கர்நாடகத்தில் வளர்ந்த அரபு, பாரசீக இலக்கியத்தைத் தொகுத்து 1974இல் நூலாக்கினார். இவர்கள் திறந்த கதவின் வழியே நுழைய நம்மில் எத்தனை பேர் ஆயத்தமாக இருக்கிறோம்?

மறுப்புகளையும் மறைக்கக் கூடாது. தருக்கம் சமயத்துக்குப் பகை என்று 13ஆம் நூற்றாண்டில் இப்னு ஸலாஹ் தீர்ப்பளித்தார். அவருக்கு முன்பே, தருக்கம் அறியாதவன் கல்வியை நம்ப இயலாது என்ற கருத்தை இமாம் கஸ்ஸாலி எழுதி வைத்திருந்தார். அவ்வழக்கு அவர்களுக்குள்ளேயே நடந்தது. நடந்ததே அறிவுக்கு அடையாளம். உரைக்கு உரை, அவ்வுரைக்கும் ஓர் உரை என்று மன்திக் பாடம் மனப்பாடமாகிவிட்டது என்ற குறையும் உண்டு. மறுக்கவில்லை. தேர்வுக்கு முதல் நாள் 'கைடு' வாங்கி வரலாற்றை மனப்பாடம் செய்யும் நாம் அதைச் சொல்லி நகைக்கலாமா?

நான் நாள்தோறும் பேருந்தில் தொழிற்சாலைகளைக் கடந்து வருகிறேன். ஒரகடத்தில் ஒரு திருகாணியைக்கூட அளந்து பார்க்காமல் வண்டியில் பூட்டமாட்டார்கள். ஆனால், 'இந்தக் கோயிலை இன்னார் இடித்தார், இந்த ஊர் இன்னாருடையது' என்று கைபேசியில் வரும் செய்தியை நாம் அளக்காமலே மனத்தில் பூட்டிக்கொள்கிறோம். பழுதான திருகாணியால் ஒரு வண்டி கெடும். பழுதான வரலாற்றால் ஊரே கெடும்; பக்கத்து வீட்டுக்காரன் பகைவனாவான்.

எனவே பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, வாரம் ஒரு மணி நேரம் வரலாற்று மன்றத்தில் அளவைப் பாடம் நடைபெறட்டும். ஒரு வாரம் தமிழாசிரியர் மணிமேகலையைக் கொண்டு நடத்தட்டும், மறுவாரம் அரபுக் கல்லூரி உஸ்தாத் ஒருவரை அழைத்து மன்திக் கேட்போம். இரண்டாவது, ஊர் வரலாறு எழுதும் ஒவ்வொரு மாணவரும் தம் முடிவையும் அதற்குரிய இரண்டு கூற்றுகளையும் மூன்றே வரியில் முதலில் எழுதிக் காட்டட்டும். மூன்றாவது, அடுத்த கல்விச் சுற்றுலா காஞ்சிக்கும் திருவல்லிக்கேணிக்கும் அமையட்டும்.

என் கருத்தரங்கக் கட்டுரையைத் திருத்தி எழுதிவிட்டேன். "கல்வெட்டில் வரும் சேக்கிழான் புலவரின் குடியினர் எனலாம், அவரே புலவர் எனச் சான்றில்லை" என்பது அதன் இப்போதைய முடிவு. இதற்குக் கைதட்டல் கிடைக்காது என்பது தெரியும். ஆனால் அந்தத் தோழர் இனி எழுந்து நிற்கமாட்டார். அதுவே எனக்குப் போதும்.