தண்ணீர் வந்த பிறகும் நம் வேலை முடிவதில்லை

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் வறண்ட ஊர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருந்த தண்ணீர் அது. தலைமுறை தலைமுறையாக மனு கொடுத்தார்கள், நடைப்பயணம் போனார்கள், 2016 பிப்ரவரியில் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1,652 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கிய பணி 1,916 கோடியில் முடிந்தது.

கிராமப்புறக் கட்டுமானத் திட்டங்களில் சுற்றுச்சூழல், சமூகப் பாதுகாப்புப் பணியைச் செய்யும் நமக்கு இந்தத் திட்டம் ஒரு முக்கியமான பாடம். நம்மை வழக்கமாகக் கூப்பிடுவது மக்கள் எதிர்க்கும் இடத்துக்குத்தான். இங்கே மக்களே போராடித் திட்டத்தை வாங்கியிருக்கிறார்கள். எதிர்ப்பு இல்லையென்றால் பாதிப்பும் இல்லை என்ற எண்ணம் திட்ட அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. அதைவிட ஆபத்தான எண்ணம் நம் துறையில் வேறில்லை. எல்லோரும் விரும்பும் திட்டத்தில் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்க ஆளே இருக்காது. அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் நம் வேலை.

முதலில் திட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். பெயரில் அத்திக்கடவு இருந்தாலும், பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே போகும் உபரி நீர்தான் எடுக்கப்படுகிறது. நொடிக்கு 250 கனஅடி வீதம் 70 நாள் எடுத்தால் 1.5 டிஎம்சி. பவானி, நல்லாகவுண்டன்பாளையம், திருவாச்சி, போலநாயக்கன்பாளையம், எம்மாம்பூண்டி, அன்னூர் ஆகிய ஆறு நீரேற்று நிலையங்கள் அந்த நீரை மேட்டுக்கு ஏற்றுகின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நிலத்தடியில் குழாய் பதித்திருக்கிறார்கள். நீர் போய்ச் சேரும் நீர்நிலைகள் 1,045. அவற்றில் நீர்வளத் துறையின் ஏரிகள் 32, ஊராட்சி ஒன்றியக் குளங்கள் 42. மீதி 971-ம் குட்டைகள். பயன்பெறும் நிலம் 24,468 ஏக்கர். வருகிற நீர் முழுவதையும் அந்த நிலத்தில் பரப்பினால் ஒன்றரை அடிகூட நிற்காது. நிலத்தடி நீரை மேலே கொண்டுவருவதற்கான திட்டமே தவிர வாய்க்கால் பாசனத் திட்டமல்ல இது. ஆகவே இதன் பலனும் பாதிப்பும் ஆயக்கட்டு வரைபடத்தில் தெரியாது. ஒவ்வொரு குட்டையின் கரையிலும், அதைச் சுற்றியுள்ள கிணறுகளிலும்தான் தெரியும்.

குழாய் பதிப்பிலிருந்து தொடங்கலாம். பட்டா நிலத்தில் குழாய் போகும்போது இழப்பீட்டுத் தொகையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், மண்ணைப் பற்றிப் பேசுவதே இல்லை. கொங்குப் பகுதியின் புஞ்சைக் காட்டில் ஒரு முழம், இரண்டு முழத்துக்குத்தான் நல்ல செம்மண். அதன் கீழே சுக்கான் கல்லும் ஓடைக்கல்லும். பொக்லைன் வைத்துப் பள்ளம் பறிக்கும்போது மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வைக்காவிட்டால், மூடும்போது சுக்கான் மேலே வந்துவிடும். அதன் பிறகு அந்தக் கோட்டில் சோளம்கூட ஒழுங்காக வராது. ஒப்பந்தப் பத்திரத்தில் மேல்மண்ணைப் பிரித்து வைக்க வேண்டும் என்ற வரி இருக்கும். களத்தில் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. பள்ளம் தோண்டும் நாளில் வரப்போரம் நின்று, மேல்மண் ஒரு பக்கமும் அடிமண் மறுபக்கமும் குவிகிறதா என்று பார்ப்பதற்கு இணையான பாதுகாப்பு நடவடிக்கை வேறில்லை. அதற்கு அறிவியல் கருவி எதுவும் தேவையில்லை, ஆள்தான் தேவை.

இதே மண்ணில் இன்னொரு குழாயின் வரலாறும் இருக்கிறது. கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய், கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் தூரம் விவசாய நிலங்கள் வழியாகத் திட்டமிடப்பட்டது. 1962-ஆம் ஆண்டின் சட்டப்படி நிலத்தைக் கையகப்படுத்தாமல், பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்து, நில மதிப்பில் பத்து சதவீதம் இழப்பீடு தருவதுதான் ஏற்பாடு. 2013-இல் நீதிமன்ற உத்தரவின்பேரில் கோவையில் விவசாயிகளிடம் கருத்துக் கேட்கப்பட்டது. குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகும்படி மாநில அரசு சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனாலும் ஊர்களின் எதிர்ப்பு அடங்கவில்லை. சட்டம் வென்ற இடத்திலும் சம்மதம் கிடைக்கவில்லை என்பதை நாம் அங்கே பார்த்தோம். தண்ணீர்க் குழாய்க்கு அந்த எதிர்ப்பு எழவில்லை. அதற்காக அந்தக் குழாய் போகும் நிலத்தின் விவசாயிகளுக்குக் குறை இல்லையென்று எழுதிவிடக் கூடாது. ஊருக்குத் தண்ணீர் வரட்டும் என்று குறையை உள்ளே வைத்துக்கொண்டவர்கள் பலர். அவர்களின் கணக்கை எடுப்பதற்கு நமக்குப் பொறுப்பு கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை.

அடுத்தது குட்டை. வருடத்தில் எட்டு, ஒன்பது மாதம் காய்ந்து கிடக்கும் குட்டையைப் பொறியாளர் பார்த்தால் வெற்று நிலம். அங்கே சற்று நேரம் நின்று பாருங்கள். ஓரத்தில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிறவர் இருப்பார். நடுவில் வெள்ளாடும் செம்மறியும் மேயும். கோடையில் வண்டல் அள்ள டிராக்டர் வரும். வேட்கோவர் குடும்பம் பானைக்கு மண் எடுக்கும். கரையோரப் புறம்போக்கில் பட்டா இல்லாத நாலைந்து வீடுகள் இருக்கும். பல ஊர்களில் அவை அருந்ததியர் வீடுகளாக இருக்கும். இவர்களில் ஒருவர் பெயர்கூட நில ஆவணத்தில் இல்லை. குட்டையில் தண்ணீர் நிறையும்போது மேய்ச்சல் போகும், விறகு போகும், வண்டல் போகும். அதே நேரம் அந்தக் குட்டைக்குப் புதிய மதிப்பு வந்துவிடும். தண்ணீர் நிற்கும் குளத்தின் மீன்பாசி ஏலத்துக்குப் போகும். நேற்று வரை ஊர்ப் பொதுவாக இருந்த இடம் ஏலம் எடுத்தவரின் கைக்குப் போய்விடும். தண்ணீரால் கிணற்றுக்காரருக்குக் கிடைக்கும் லாபம் பெரிது. ஆடு மேய்த்தவருக்கு அந்த லாபத்தில் பங்கு உண்டா என்பதை எந்த அறிக்கையிலும் நாம் எழுதுவதில்லை.

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்துதல் சட்டம், பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற வரையறைக்குள் கூலி விவசாயிகளையும் குத்தகைதாரர்களையும் நீர்நிலைகளை நம்பிப் பிழைப்பவர்களையும் சேர்த்திருக்கிறது. நல்ல வரையறை. ஆனால் நிலம் கையகப்படுத்தப்பட்டால்தான் அந்தச் சட்டமே உள்ளே வரும். அரசுப் புறம்போக்குக் குட்டையை அரசே நிரப்பினால் கையகப்படுத்தல் எதுவும் நடப்பதில்லை. உலக வங்கி 2018 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்தும் சுற்றுச்சூழல், சமூகக் கட்டமைப்பின் பத்துத் தரநிலைகள் பட்டா இல்லாதவரையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. அவை அந்த வங்கியின் பணம் வரும் திட்டங்களுக்கு மட்டும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் நம் கிராமத் திட்டங்களில் பெரும்பாலானவை இருக்கின்றன. கடன் கொடுப்பவர் கேட்டால்தான் செய்வோம் என்று நாமும் இருந்துவிட்டால் அந்தக் குடும்பங்களைக் கேட்க யாரும் இல்லை.

நீரின் தரம் இன்னும் கவலை தருவது. குளத்தில் நிற்பது நிலத்துக்குள் இறங்கும் என்பதுதான் திட்டத்தின் அடிப்படை. அப்படியானால் குளத்தில் கழிவு நின்றால் கழிவும் இறங்கும். நொய்யலில் திருப்பூர்ச் சாயக்கழிவு என்ன செய்தது என்பதை இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாகி, சுற்றுக் கிணறுகளைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. ஊரின் சாக்கடை ஓடிவந்து சேரும் குட்டையில் பவானி நீரைக் கலந்தால் சாக்கடை நீர்த்துப்போகும், மறையாது. சாக்கடை வரும் வழியை அடைத்த பிறகுதான் அப்படிப்பட்ட குட்டைக்கு நீர் விட வேண்டும். எந்தக் குட்டை எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியல் ஒவ்வோர் ஊராட்சியிலும் இருக்க வேண்டும்.

பறவைகளையும் மறக்க வேண்டாம். திட்டம் தொடங்கப்பட்ட அதே 2024 ஆகஸ்டில், திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 126 ஹெக்டேர். நல்லாற்று நீர் வந்து சேரும் பழைய பாசன ஏரி அது. நிறைந்த நீரில் வாத்துகள் நிற்கும். உள்ளான்களுக்கும் நாரைகளுக்கும் வேண்டியது கணுக்கால் ஆழ நீரும் சேற்று விளிம்பும். எல்லாக் குளங்களையும் ஒரே நேரத்தில் கரை முட்ட நிரப்புவது பொறியியல் கணக்கில் வெற்றி, ஈரநிலக் கணக்கில் இழப்பு. நீர் விடும் கால அட்டவணையைப் போடும் கூட்டத்தில் சூழலியல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்தால் இரண்டையும் சரிக்கட்ட முடியும். இதற்குத் தனியாகச் செலவு ஒன்றும் ஆகாது.

பாதிக்கப்படுபவர் யார் என்ற கேள்விக்குக் கீழ்பவானி வாய்க்காலைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கருக்குப் பாயும் அந்த மண் வாய்க்காலைக் கான்கிரீட் கொண்டு சீரமைக்க 709 கோடி ரூபாய்த் திட்டம் வந்தபோது, கடைமடை விவசாயிகளில் ஒரு பகுதியினர் வரவேற்றார்கள். கசிவு நீரை நம்பிக் கிணறும் தோப்பும் வைத்திருந்தவர்கள் எதிர்த்தார்கள். இரு தரப்பும் போராடினார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கசிவு நீர் யாருடைய உரிமை என்று எந்த ஆயக்கட்டுப் பதிவேட்டிலும் எழுதவில்லை. ஆனால் இரண்டு தலைமுறை வாழ்க்கை அதன்மேல் நின்றிருந்தது. திட்ட அறிக்கை எழுதும் காலத்திலேயே அந்தக் கிணறுகளைக் கணக்கெடுத்து, இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்திருந்தால் பிளவு இவ்வளவு ஆழமாகப் போயிருக்காது. அவிநாசிப் பக்கம் இன்று விடுபட்ட குளம், குட்டைகளையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்திருக்கிறது. உள்ளே வந்த குட்டைக்கும் வெளியே நின்ற குட்டைக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதைதான் இருக்கும். ஏன் இது வந்தது, ஏன் அது வரவில்லை என்பதற்கான காரணம் ஊருக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே நம் துறையினர் நான்கு காரியங்களைக் கையில் எடுக்க வேண்டும் என்று இந்த இதழ் கேட்டுக்கொள்கிறது.

முதலாவது, குட்டைக்கு ஓர் ஏடு. தண்ணீர் வருவதற்கு முன் அதை யார் யார் எதற்குப் பயன்படுத்தினார்கள், கரையில் எத்தனை வீடு, எந்தச் சாக்கடை உள்ளே வருகிறது, சுற்றிலும் எத்தனை கிணறு, அவற்றின் நீர்மட்டம் எவ்வளவு என்பதை நான்கு பக்கத்தில் எழுதலாம். கிராமசபையில் அதைப் படித்துக் காட்டி, விடுபட்டதை ஊரே சேர்க்கட்டும். ஏற்கெனவே நீர் வந்துவிட்ட இடங்களில், நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, நீர் விடும் வரிசை. உபரி நீர் எல்லா வருடமும் ஒரே அளவில் வராது. 70 நாள் வர வேண்டிய நீர் 30 நாள்தான் வந்தால் எந்தக் குட்டைக்கு முதலில் என்ற விதி முன்கூட்டியே எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். வாய்மொழி ஏற்பாடு எப்போதும் பலமுள்ளவர் பக்கம்தான் சாயும்.

மூன்றாவது, குறை கேட்பவர் ஒருவர். கட்டுமானம் முடிந்ததும் திட்ட அலுவலகத்தை மூடிவிட்டு நாம் போய்விடுகிறோம். குழாய் மூடிய இடத்தில் மண் உள்வாங்குவது அடுத்த மழையில்தான் தெரியும். கிணற்று நீர் உப்பாவது மூன்றாம் வருடத்தில்தான் தெரியும். பராமரிப்புக் காலம் முழுவதும் பெயரும் கைபேசி எண்ணும் தெரிந்த ஓர் அலுவலர் இருக்க வேண்டும். அவரிடம் வந்த குறைகளும் எடுத்த நடவடிக்கையும் ஆண்டுக்கு ஒருமுறை கிராமசபைக்கு வர வேண்டும்.

நான்காவது, பொது உரிமையைக் காப்பது. நீர் நிறைந்த குளத்தின் மீன்பாசியை ஏலம் விடும் முன், அந்தக் குளத்தால் மேய்ச்சலையும் மண்ணையும் இழந்தவர்களுக்குப் பங்கு ஒதுக்க வேண்டும். மகளிர் குழுக்களும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் நம் மாநிலத்துக்குப் புதியவை அல்ல. வண்டல் எடுப்பதற்கு வட்டாட்சியர் அனுமதி தரும் நடைமுறை 2024-இல் எளிதாக்கப்பட்டது. நீர் வடியும் மாதங்களை அதோடு பொருத்தி அட்டவணை போட்டால் விவசாயிக்கும் பானை செய்பவருக்கும் மண் கிடைக்கும், குளமும் ஆழம் கெடாமல் இருக்கும்.

இதில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. நம்மில் பலர் விரிவான திட்ட அறிக்கைக்குப் பின்னிணைப்பு எழுதுவதோடு நின்றுவிடுகிறோம். அனுமதி கிடைத்ததும் கோப்பு மூடப்படுகிறது. நீர் பாயத் தொடங்கும் நாளில்தான் உண்மையான பாதிப்பும் உண்மையான பலனும் தொடங்குகின்றன என்பதை 1,045 நீர்நிலைகள் நமக்குக் காட்டிக்கொண்டிருக்கின்றன. விடுபட்ட நீர்நிலைகளுக்கான அடுத்த கட்டத்தின் திட்ட அறிக்கை எழுதப்படுவதற்கு முன், முதல் கட்டத்தின் குட்டை ஏடுகள் தயாராக இருக்க வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் பணிபுரியும் வாசகர்கள் தங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஒரு குட்டையை எடுத்துக்கொண்டு இந்தக் கோடையிலேயே வேலையைத் தொடங்குங்கள். எழுதிய ஏட்டை முதலில் அந்த ஊர்க் கிராமசபையிடம் கொடுங்கள், பிறகு எங்களுக்கு அனுப்புங்கள்.