ஹலால் இலச்சினையைப் பார்க்கிறோம், சிவப்பு வட்டத்தைப் பார்க்கிறோமா?

குளிர்பானப் போத்தல் ஒன்றை வாங்கும்போது நம்மில் பலரின் கண் முதலில் தேடுவது ஹலால் இலச்சினையைத்தான். 2013இல் அதற்கு எதிராகப் பிரசாரம் நடந்தபோது நாம் எவ்வளவு கவலைப்பட்டோம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் 2016 முதல் அதே போத்தலில் இருக்கும் நிற வட்டத்தைப் பற்றி நாம் பேசுவதே குறைவு.

100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை என்றால் செம்மஞ்சள், அதற்கும் குறைந்தால் பச்சை. சிவப்பு வட்டமுள்ள 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 44 கிராமுக்கு மேல், அதாவது சுமார் 11 தேக்கரண்டி சீனி இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு சுமார் 50 கிராமே உச்சம், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

"பார்த்து வாங்குவது மக்களின் பொறுப்பு" என்று சொல்லிவிடுவது இலகு. ஆனால் கடையில் கையை நீட்ட வைப்பது விலையும் விளம்பரமும்தான். விலையில் அரசின் கை இருக்கிறது. 2017 நவம்பரில் மங்கள சமரவீர சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் குளிர்பானத்திலுள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி விதித்தது. ஒரு வருடம் கழித்து, அரசியல் குழப்பத்தின் நடுவே அது 30 சதமாகக் குறைந்தது. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து வெறும் 25 சதமாக்கப்பட்டது. அந்தச் சலுகை நுகர்வோரைச் சென்றடையவில்லை; திறைசேரி பல கோடி ரூபாவை இழந்தது. 2023 நவம்பரில் மீண்டும் 50 ரூபா. இந்த ஏற்ற இறக்கங்களில் வியாபாரக் கணக்கும் வருமானக் கணக்கும் தெரிகின்றன. நீரிழிவு நோயாளியின் கணக்கு எனக்குத் தெரியவில்லை.

வரிக் கொள்கை நமது கையில் இல்லை. ஆனால் பள்ளிவாசல் இப்தாரில் எதை வைப்பது, மத்ரஸா சிற்றுண்டிச்சாலையில் எதை விற்பது, வலீமாவில் எதைப் பரிமாறுவது என்பதெல்லாம் நமது தீர்மானங்கள். நோன்பு காலத்தில் இப்தார் விரிப்பில் போத்தலை வைத்துக் காட்டும் விளம்பரத்துக்கு ஒரு நிர்வாக சபையால் பதில் சொல்ல முடியும்: தண்ணீர், பேரீச்சம்பழம், கஞ்சி, இளநீர் போதும்.

மார்க்கம் ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே சொல்கிறது. முதலாவதற்காகக் குரல் கொடுத்த நாம், இரண்டாவதற்காகவும் மிம்பரில் பேச வேண்டும். நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் கேட்க வேண்டும்.