தீவுகளிடையே தேறிய உடல்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொடிய நோயினின்று மீண்டவர்கள் அந்நிய தேச யாத்திரை செல்வது விவேகமன்று எனச் சென்ற இதழில் ஓர் அன்பர் எழுதியிருந்ததைப் படித்தபின், புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து, வைத்தியரின் சம்மதத்தோடு, நெடுநாள் ஆசையான கிரேக்கத் தீவுகளைக் கண்டுவந்தவளாகிய எனக்கு மௌனமாயிருக்க மனம் ஒப்பவில்லை.

ரோட்ஸிலிருந்து கோஸ் தீவுக்கும் அங்கிருந்து பத்மோஸுக்கும் கப்பலேறிச் சென்றேன். கப்பலின் பின்கதவு இறங்கியதும் ஜனங்களும் மோட்டார் வண்டிகளும் நெருக்கியடித்து ஏறும் அந்தச் சில நிமிஷங்களே பலஹீனமான உடம்புக்குச் சிரமம், ஆதலால் பெட்டி இலேசாயிருத்தல் அவசியம். பண்டைய வைத்தியர் ஹிப்போக்ரடீஸ் பிறந்த கோஸ் தீவில், அஸ்க்ளீபியஸ் என்னும் வைத்திய தெய்வத்தின் ஆலயம் குன்றின் சரிவில் மூன்று அடுக்கு மேடைகளாகச் சிதைந்து கிடக்கிறது. பண்டைக்கால நோயாளிகள் நம்பிக்கையோடு வந்து தங்கிய அந்த ஸ்தலத்தின் கற்படிகளில் நின்று நின்று ஏறி, மேல் மேடையை அடைந்து, கடலையும் அதற்கப்பால் துருக்கியின் கரையையும் கண்டபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் இழந்துவிட்டதாக நினைத்த தைரியம் முழுவதும் எனக்குத் திரும்பியது. இந்த ஆனந்தத்தை, வைத்தியர் அனுமதித்த பின்னும், பயத்தினால் பிறருக்கு மறுப்பது நியாயமா?

எந்தச் சிகிச்சைக்குப்பின் எவ்வளவு காலம் கழித்து விமானப் பிரயாணம் செய்யலாம், மருந்துகளை எவ்விதம் உடன் கொண்டுபோகலாம் என்பவற்றைத் தாங்கள் ஒரு நிபுணரைக் கொண்டு விரிவாக எழுதுவித்தால், என் போன்றவர்களுக்குப் பேருபகாரமாயிருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி