தூரத்துக் குறியும் இன்றைய பக்கமும்



"கெட்டிக்காரன்தான், ஆனால் சரியான பஞ்சி." பிள்ளைகளை ஆலோசனைக்கு அழைத்து வரும் பெற்றோர் பலர் எம்மிடம் கூறும் முதல் வசனம் இதுதான்.

சென்ற வருடம் ஜேர்மனியில் மின்தொழில் பயிலும் இளைஞர் ஒருவரும் இந்தச் சொல்லோடுதான் வந்தார். (அடையாளங்களை மாற்றியுள்ளோம்.) வேலைத்தளத்தில் அவரது கை வலு சுறுசுறுப்பு. ஆனால் பயிற்சிப் பதிவேடு, அதாவது 'பெரிக்ட்ஸ்ஹெஃப்ட்', ஐந்து மாதமாக எழுதப்படவில்லை. அதை எழுதி ஒப்பம் பெறாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு அனுமதி இல்லை. மூன்றரை வருட உழைப்பு வீணாகிவிடும். இது அவருக்கும் தெரியும். தெரிந்தும் எழுத முடியவில்லை.

அவருக்கு ஏ.டி.எச்.டி எனப்படும் அவதானக் குறைபாடு இருப்பதை வைத்தியர் உறுதிப்படுத்தியிருந்தார். இது சிறு பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று; வளர்ந்தோரிலும் பலருக்குத் தொடர்கின்றது. இவர்களுக்குத் தூரத்தில் உள்ள பலன் போதிய உந்துதல் தருவதில்லை. கண்முன்னே உள்ளதே இழுக்கும். இதைப் பஞ்சி என்று ஏசினால் வெட்கம் கூடுமேயன்றி ஊக்கம் கூடாது.

நாம் முதலில் கேட்டது, "இந்தத் தொழில் யாருடைய விருப்பம்?" என்பதே. அப்பாவுக்குப் பல்கலைக்கழகக் கனவு. மகனுக்கோ தன் பெயர் எழுதிய வேலை வான் ஒன்றை ஒருநாள் ஓட்ட வேண்டும் என்று ஆசை. பதிவேட்டின் முதற்பக்கத்தில் அந்த வானை வரையச் சொன்னோம். குறி தன்னுடையதாக இருந்தால்தான் மனம் அதற்குத் திரும்பி வரும்.

அடுத்து, ஐந்து மாதத்தையும் மறந்து, நினைவில் உள்ள கடந்த கிழமையை மட்டும் எழுதச் சொன்னோம். பத்து நிமிடம் போதும். அக்கா பக்கத்தில் இருந்து தன் வேலையைப் பார்ப்பார். முடிந்ததும் நாட்காட்டியில் ஒரு கோடு. உடனே நண்பர்களுடன் பந்தடிக்கப் போகலாம். பரிசை மாதக் கடைசிக்குத் தள்ளி வைத்தால் பயன் குறைவு.

மூன்றாம் கிழமை அவர் எம்மிடம் வரவில்லை. திரும்பி வந்தபோது நாம் ஏசவில்லை. "எந்த இடத்தில் தடக்கியது?" என்று கேட்டோம். வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்தால் எழும்ப மனம் வராதாம். ஆகவே எழுதும் இடத்தை ரயிலுக்கு மாற்றினோம். குறி அதுவே, வழிதான் வேறு. சலிப்பு வரும்போதெல்லாம் இப்படி வழியை மாற்ற வேண்டியிருக்கும். அது தோல்வியன்று.

மருந்து சிலருக்கு நல்ல உதவி. அதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். ஆனால் மருந்து எடுப்பவருக்கும் இத்தகைய சிறு படிகள் தேவை.

இன்று மூன்று மாதப் பக்கங்களுக்கு ஒப்பம் கிடைத்துவிட்டது. இன்னும் இரண்டு மாதம் மிச்சம். அவரது தாயாரிடம் நாம் கேட்டுக்கொண்டதையே உங்களிடமும் கேட்கின்றோம்: "எப்ப முடிப்பாய்?" என்று கேளாதீர்கள். "இண்டைக்கு எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள்.