பர்கர் டாக்கோவும் வீட்டு ஷிப்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வெளியே வரும் நேரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஜன்னலோரத் தலைகளில் பாதி தூங்கிக்கொண்டிருக்கும். மீதிப் பாதி செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தத் தலைகளில் ஒன்று ஒரு பெண்ணுடையது என்றால், உள்ளே ஓடும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ராத்திரிக்கு என்ன செய்யறது?"

அதே பஸ்ஸில் வரும் ஆணின் தலைக்குள் ஓடும் கேள்வி: "ராத்திரிக்கு என்ன இருக்கும்?"

இரண்டுக்கும் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். நடுவில் கொஞ்சம் டாக்கோவும் உண்டு :)

அது என்ன பர்கர் டாக்கோ?

மெக்சிகோக்காரர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அரைத்து, தட்டி, கல்லில் சுட்டு எடுப்பது டார்ட்டியா. அதன் நடுவே கறியோ காயோ வைத்து மடித்தால் டாக்கோ. கோதுமை மாவில் செய்யும் டார்ட்டியாவும் உண்டு. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்ம சப்பாத்திக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரியே இருக்கும்.

இதில் பர்கர் எங்கே வந்தது? 2023 வாக்கில் இணைய வீடியோக்களில் ஒரு செய்முறை உலகம் முழுக்கச் சுற்றியது. கொத்துக்கறியை உருண்டை பிடித்து வடை மாதிரி தட்டிப் பொரிக்காமல், நேராக டார்ட்டியாவின் மேலேயே மெல்லிசாகத் தேய்த்துவிடுவார்கள். கறிப் பக்கம் கீழே இருக்கும்படி சூடான கல்லில் போட்டு அழுத்துவார்கள். திருப்பிப் போட்டு, சீஸ் வைத்து, வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி, சாஸ் எல்லாம் தூவி மடித்தால் முடிந்தது. சுவை பர்கர், உருவம் டாக்கோ. பன் வேண்டாம், எண்ணெய்ச் சட்டி வேண்டாம், ஒரே கல்லில் வேலை முடிகிறது.

"இதெல்லாம் நமக்கு எதுக்கு? இட்லி, தோசை இல்லையா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் காரச் சட்னியில் இருக்கும் மிளகாயும் தக்காளியும் எந்த ஊர்? இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் வழியாக வந்தவை. பூரி மசாலாவின் உருளைக்கிழங்கும் அப்படித்தான். டச்சுக்காரர்கள் 1600-களில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த பழவேற்காடு இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கடல் தாண்டி வந்ததை எடுத்து நம்ம ருசிக்கு மாற்றிக்கொள்வது இந்தக் கரைக்குப் பழைய பழக்கம்.

பர்கரும் அப்படி மாறியதுதான். 1996-ல் மெக்டொனால்ட்ஸ் டெல்லியில் கடை திறந்தபோது மாட்டிறைச்சியே இல்லாமல்தான் திறந்தது. பிறகு உருளைக்கிழங்கு டிக்கி வைத்த பர்கர் அங்கே பெரிய வெற்றி பெற்றது. டாக்கோவின் கதை இன்னும் வேடிக்கை. மெக்சிகோவின் புகழ்பெற்ற 'அல் பாஸ்தோர்' டாக்கோவே லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுபோன ஷவர்மாவிலிருந்து பிறந்தது. ஆக, நெடுஞ்சாலை ஓரக் கடையில் ஷவர்மா சாப்பிடுகிற பையன் ஏற்கனவே டாக்கோவின் பங்காளி வீட்டில் கை நனைத்துவிட்டான்!

சரி, எப்படிச் செய்வது?

நாலு பேருக்கு:

- சின்ன சப்பாத்தி 8 (முக்கால் வேக்காடு போதும், பாக்கெட்டில் வருவதும் ஆகும்)
- சிக்கன் கொத்துக்கறி 400 கிராம் (கறிக்கடையில் சொன்னால் அரைத்தோ கொத்தியோ தருவார்கள்)
- உப்பு, மிளகுத்தூள், ஒரு டீஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது
- சீஸ் ஸ்லைஸ் 4 (பாதிப் பாதியாக)
- பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், தக்காளி
- ஒரு வெள்ளரிக்காய்: வட்டமாக நறுக்கி வினிகர், உப்பு, கொஞ்சம் சர்க்கரையில் அரை மணி நேரம் ஊறியது
- சாஸுக்கு: தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 4 ஸ்பூன், தக்காளி சாஸ் 2 ஸ்பூன், கொஞ்சம் கடுகுப் பொடி

கறியில் உப்பு, மிளகு, விழுது சேர்த்துப் பிசைந்து எட்டாகப் பிரிக்கவும். ஒவ்வொரு பங்கையும் ஒரு சப்பாத்தி மேல் ஓரம் வரை மெல்லிசாகத் தேய்க்கவும். தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் தடவி, கறிப் பக்கம் கீழே வரும்படி போட்டு, அடி தட்டையான டம்ளரால் அழுத்தவும். மூன்று, நான்கு நிமிடத்தில் கறி வெந்து ஓரம் சிவக்கும். திருப்பி, சீஸ் வைத்து இன்னொரு நிமிடம். ஒரு கல்லில் இரண்டு போட்டால் எட்டும் முடிய இருபது, இருபத்தைந்து நிமிடம்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கொத்திய கறியில் வெளியே இருக்கும் கிருமி உள்ளேயும் கலந்துவிடும். அதனால் உள்ளே இளஞ்சிவப்பு இல்லாமல் முழுக்க வேகவேண்டும். மெல்லிசாகத் தேய்ப்பதன் லாபமே அதுதான். இரண்டு, சாஸில் மயோனைசுக்குப் பதில் தயிர் சொன்னதற்குக் காரணம் உண்டு. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசில் சால்மோனெல்லா மாதிரி கிருமிகள் வரும் ஆபத்து இருப்பதால், தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதற்குத் தடை விதித்தது. தயிர் நம்ம வீட்டிலேயே இருக்கும்போது அந்த ரிஸ்க் எதற்கு?

புரட்டாசி மாதமா? ஊறவைத்துப் பிழிந்து பொடித்த மீல்மேக்கரை, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கோடு பிசைந்து அதே மாதிரி தேய்க்கலாம். பழவேற்காட்டு இறால் கிடைத்தால் பொடியாக நறுக்கிச் செய்யலாம். அதற்கு ஈடு இணை இல்லை.

இப்போ விஷயத்துக்கு வருவோம்

"ஈஸியான ராத்திரி டிபன்" என்று எல்லாச் சமையல் வீடியோவிலும் தலைப்பு வைக்கிறார்கள். யாருக்கு ஈஸி?

காமர்ஸ் படிப்பவர்களுக்குக் காஸ்ட் ஷீட் சொல்லித்தருவார்கள். மூலப்பொருள் செலவு ஒரு வரி, கூலி அடுத்த வரி, அப்புறம் மற்ற செலவுகள். கூலி வரியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் மார்க் கிடையாது. ஆனால் வீட்டுச் சமையலுக்குக் கணக்குப் போடும்போது என்ன செய்கிறோம்? கறி இவ்வளவு, காய் இவ்வளவு, கேஸ் இவ்வளவு... "கடையில் வாங்குவதைவிட வீட்டில் செய்தால் எவ்வளவு மலிவு பாருங்க!" என்று சந்தோஷப்படுகிறோம். கூலி வரி காலி. மலிவாக இருக்காமல் என்ன செய்யும்?

இது பெரிய பெரிய பொருளாதார மேதைகளுக்கே சிக்கிய முள். ஆர்தர் பிகூ 1920-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஒரு விநோதத்தைச் சொன்னார்: ஒருவர் சம்பளம் கொடுத்து வைத்திருந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும். வேலை அதேதான், செய்கிற கையும் அதேதான். சம்பளம் நின்றுபோனதால் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுகிறது. நூறு வருடம் தாண்டியும் ஜி.டி.பி. கணக்கில் அந்த ஓட்டை அடைபடவில்லை.

அளவு எவ்வளவு என்று பார்க்கலாமா? மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதம் பேர் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டார்கள். ஆண்களில் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்களின் சராசரி நேரம் பெண்களுக்கு நாளுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289 நிமிடமாகக் குறைந்தது. அடடா, பத்து நிமிடம் மிச்சம் என்று கைதட்டுவதற்குள் அடுத்த எண் வருகிறது. ஆண்களுக்கும் 88 ஆகக் குறைந்துவிட்டது!

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1989-ல் எழுதிய புத்தகத்துக்கு 'இரண்டாவது ஷிப்டு' என்றே பெயர். வேலைக்குப் போகும் பெண் வீடு திரும்பியதும் தொடங்கும் சம்பளமில்லாத ஷிப்டு அது. கும்மிடிப்பூண்டியிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் இந்தப் பெயரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஷிப்டு என்றால் என்ன என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அரசாங்கம் தன் பங்குக்குக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஊரகப் பகுதியின் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அது விரிந்தது 2024 ஜூலை 15-ல், இதே திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் என்று தொடங்கியபோது, பெண்களின் உழைப்புக்கு அங்கீகாரம் என்றுதான் அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. காலைக் கவலையில் ஒரு பங்கை ஊர் எடுத்துக்கொண்டது. ராத்திரிக் கவலையை எடுத்துக்கொள்ள வேண்டியது வீட்டில் இருக்கும் மற்றவர்கள்தான். அதற்கு அரசாணை வராது.

"ஆம்பளைக்குச் சமைக்கத் தெரியாதுங்க"

இது உண்மையா? கல்யாணச் சமையல் மாஸ்டர் யார்? பரோட்டா மாஸ்டர் யார்? டீ மாஸ்டர் யார்? பெரும்பாலும் ஆண்கள்தானே! சம்பளம் கொடுத்தால் மாஸ்டர், கொடுக்காவிட்டால் அம்மா. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு சாட்சியும் சிப்காட்டைச் சுற்றியே இருக்கிறது. பீகார், ஒடிசா பக்கமிருந்து வேலைக்கு வந்து ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்கள் முறை வைத்துச் சமைக்கிறார்கள். ஒருவன் மாவு பிசைந்தால் இன்னொருவன் வெங்காயம் நறுக்குவான், மூன்றாமவன் பாத்திரம் கழுவுவான். வீட்டில் பெண் இல்லாதபோது கைவருகிற கலை, பெண் இருந்தால் மட்டும் எப்படி மறந்துபோகிறது?

அதனால்தான் டாக்கோ

சாம்பாரை ஐந்து பேர் சேர்ந்து வைக்க முடியாது. தோசை இன்னும் மோசம். ஒருவர் கல்லுக்கு முன்னால் நிற்க, மற்ற எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். கடைசித் தோசை ஆறிப்போய் அவருக்கே வரும். எத்தனை வீட்டில் அம்மா எல்லோரோடும் உட்கார்ந்து சூடான தோசை சாப்பிட்டிருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

டாக்கோ அப்படியில்லை. அது பிரித்துக் கொடுக்க வசதியான சமையல். ஒருவர் சப்பாத்தி போடலாம், ஒருவர் கறி தேய்க்கலாம், பத்து வயதுப் பிள்ளை சாஸ் கலக்கலாம், தாத்தா வெங்காயம் உரிக்கலாம். கல்லில் எட்டும் முடிந்த பிறகு எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்காரலாம். மேலே என்ன தூவுவது என்பது அவரவர் இஷ்டம், அவரவர் கை. பாட்டிக்குக் காரம் வேண்டாமா? வெங்காயத்தை விட்டுவிடலாம். ஃபேக்டரியில் அசெம்பிளி லைனில் நிற்கிறவர்களுக்கு இந்த வேலைப் பிரிவினையைத் தனியாகக் கற்றுத்தர வேண்டுமா என்ன?

இன்னொரு லாபமும் இருக்கிறது. அது புது அயிட்டம். சாம்பாருக்கு என்றால் "எங்கம்மா வைக்கிற மாதிரி இல்லையே" என்று சொல்ல ஆள் இருக்கும். டாக்கோவுக்கு யாருடைய அம்மாவும் அளவுகோல் இல்லை! வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் கற்றுக்கொள்வதால், 'இது இன்னார் வேலை' என்ற பழைய முத்திரையும் அதன் மேல் விழவில்லை.

குறையே இல்லையா? இருக்கிறது. சீஸில் உப்பும் கொழுப்பும் அதிகம். தினமும் சாப்பிடுகிற பண்டமில்லை இது, வாரத்துக்கு ஒரு நாள் போதும். சப்பாத்தி, கறி, சீஸ், சாஸ் நான்கையும் ஒரே ஆள் செய்தால் தோசையைவிட வேலை அதிகம். அப்படிச் செய்தால் அது ஈஸி டின்னரே கிடையாது, இரண்டாவது ஷிப்டில் ஓவர்டைம்!

அதனால் செய்முறையில் ஒரு பொருளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: சப்பாத்தி 8, கறி 400 கிராம், கைகள் குறைந்தது ஆறு. அந்தக் கைகள் இல்லையென்றால் அன்றைக்குக் கஞ்சியும் துவையலும் போதும், தப்பில்லை.

அடுத்த வாரம் கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு ஆணாவது செல்போனை எடுத்து வீட்டுக்குப் பேசும்போது, "ராத்திரிக்கு என்ன இருக்கு?" என்று கேட்காமல் "வெங்காயம் நான் நறுக்கறேன், நீ உட்காரு" என்று சொன்னால், அந்த ஒரு சொல் வித்தியாசம் கொஞ்சம் குறைந்த மாதிரி.

சாப்பிட்ட பிறகு பாத்திரம் யார் கழுவுவது என்பது அடுத்த கேள்வி. அதற்கும் இதே பதில்தான் :)