வாளும் கவ்வாத்துக் கத்தியும்

முன்னாளில் என்னிடம் இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது இலண்டன் மாநகரில் வாழ்கிறார். பழைய வாள்களைத் தேடித் திரட்டுவது அவருடைய விருப்பம். அண்மையில் அவரிடமிருந்து ஒரு மடல் வந்தது. "ஐயா, வலக்கையில் நீள்வாள் ஏந்திப் பொருகின்றவன், எதிரியின் வாள்முனையை விலக்குதற்பொருட்டு இடக்கையிற் பற்றும் சிறுவாளுக்குத் தமிழில் என்ன பெயர்?" என்பது அவர் வினா.

மீரியபெத்தவின் தேயிலைச் சரிவில் அமர்ந்துகொண்டு ஐரோப்பியர் வாளுக்குப் பெயர் தேடுவதா என்று சிலர் நகைக்கலாம். நகைக்க வேண்டா. அவ்வாள் நம் வாயில்வரை வந்த வாளேயாகும். 1630ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், போர்த்துக்கேயத் தளபதி கொன்சுதந்தீனு த சா பதுளையை எரியூட்டிவிட்டு மீண்டபோது, வெல்லவாயாவை அடுத்த ரந்தெனிவெலவிலே கண்டிப் படை அவனை வளைத்துக்கொண்டது. அவனுடன் வந்த உள்நாட்டு வீரர் பலர் கட்சி மாறினர், அவனும் மாண்டான். கொசுலாந்தையிலிருந்து கீழிறங்கும் சாலை இன்றும் அவ்வெல்லவாயாவுக்குத்தான் செல்கிறது.

ரேப்பியர் எனப்படுவது 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இசுப்பானியம், இத்தாலி முதலிய நாடுகளிற் பெருவழக்காயிருந்த ஒடுங்கிய நீள்வாள். வெட்டுதலினும் குத்துதலுக்கே அது சிறந்தது. ஆகவே தடுப்பதற்கென்று இடக்கையில் ஒரு குறுவாளும் வேண்டியதாயிற்று. நம் சிலம்பக் கலையிலும் இதற்கு நிகரான கருவி உண்டு. மானின் கொம்புகள் இரண்டை எதிரெதிர்த் திசை நோக்கப் பிணைத்து, நடுவே பிடி அமைத்து, முனைகளுக்குப் பூண் இட்ட அதனை ஆசான்கள் மான்கொம்பு என்றே வழங்குவர். தடுப்பதும் அதுவே, சமயம் வாய்த்தால் தைப்பதும் அதுவே. இதனை எழுதி, ஐரோப்பியக் கருவியைத் 'தடுப்புக் குறுவாள்' என்றால் போதும் என்றும் சேர்த்தனுப்பினேன்.

மறுமொழியாக ஒரு நிழற்படம் வந்தது. ஏலத்தில் அவர் வாங்கிய கட்டாரி அது. பிடி தமிழ்நாட்டுக் கொல்லரின் கைவண்ணம்; அலகோ ஐரோப்பிய நீள்வாள் ஒன்றிலிருந்து நறுக்கியெடுத்தது. தஞ்சைப் பகுதியில் இவ்வகைக் கட்டாரிகள் மிகுதியாகச் செய்யப்பட்டன. பறங்கியர் அலகின் உறுதியை நம் கொல்லர் மதித்தனர். ஆயினும் அதனைத் தம் பிடிக்குள் அடக்கினர். பிறர் பொருளைத் தமதாக்கிக் கொள்ளும் இத்திறத்திற்கு எத்தனை பாராட்டுரைத்தாலும் தகும். ஆனால் விற்றவர் கொடுத்த சீட்டில் இருந்தவை, 'தென்னிந்தியா, 17ஆம் நூற்றாண்டு' என்ற சொற்கள் மட்டுமே. யார் அரண்மனையிலிருந்தது, எவர் கையால் வெளிவந்தது என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

இவ்விடத்தேதான் என் கருத்தை வெளிப்படக் கூற விழைகிறேன். பழம்படைக்கலம் திரட்டுதல் பழிக்கத்தக்க செயலன்று. 1855இல் தஞ்சை அரசு கும்பினியார் வசமானபின், அங்கிருந்த ஆயுதங்களிற் பெரும்பகுதி வெறும் உலோகமாக உடைக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தார் எடுத்து வைத்தவையும், சேகரிப்போர் கைக்குப் போனவையும் அல்லவோ இன்று எஞ்சியுள்ளன! எனவே திரட்டுவோருக்கு நாம் கடன்பட்டவரே. எனினும், வரலாற்றை இழந்த வாள் வெறும் இரும்பே. பொருளைக் காப்பவன் அதன் வரலாற்றையும் காக்கக் கடமைப்பட்டவன்.

வரலாறு தெரிந்தால் என்ன விளையும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடினர். அப்போது அரியணையில் இருந்தவன் நாயக்கர் குலத்துக் கீர்த்தி சிறீ இராசசிங்கன். அன்று கொண்டுபோன பொருள்களுள் ஆறு, ஆம்சுடர்டாமின் ரைக்சு அருங்காட்சியகத்தை அடைந்தன. லெவ்கே திசாவை மன்னனுக்கு அளித்த, மணிகள் இழைத்த சிறு பீரங்கி, பொன்னிலும் வெள்ளியிலும் அணிசெய்த கசுத்தானை வாள்கள் இரண்டு, ஒரு கத்தி, இரு துப்பாக்கிகள் ஆகியவை அவை. கசுத்தானையின் பிடியில் சிங்கமுகம் விளங்கும். கைகாக்கும் வளைவிலோ ஐரோப்பிய வாளின் சாயல் உண்டு. அவை எவ்வாறு அங்குச் சென்றன என்பதை இரு நாட்டு அறிஞரும் கூடி ஆராய்ந்து தெளிந்தனர். 2023 டிசம்பரில் அவ்வாறும் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்திற்கு மீண்டு வந்தன. அவற்றை மீட்டுத் தந்தது படையன்று, அவற்றின் வரலாறே.

புறநானூற்றின் 95ஆம் பாட்டை மாணவர்க்கு ஆண்டுதோறும் நடத்துகிறேன். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை ஔவையாருக்குப் பெருமையுடன் காட்டினான். அங்கே ஆயுதங்கள் பீலி சூடி, நெய் பூசி, அழகாக இருந்தன. ஔவையாரோ, தம் தலைவன் அதியமானின் ஆயுதங்கள் போரில் முனை ஒடிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்றார். புகழ்வதுபோல் இகழ்ந்த அருமையை விளக்கி, "உழைத்துத் தேய்ந்த இரும்பே உயர்ந்தது" என்று உரை கூறுவது என் வழக்கம். அவ்வுரையைக் கூற எனக்குத் தகுதி உண்டா என்பதை வாசகர் முடிவு செய்யட்டும்.

என் தந்தையார் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். நுனி வளைந்த அவருடைய கத்தி, தீட்டித் தீட்டி, அகலத்திற் பாதியாய்த் தேய்ந்திருந்தது. பிடியில் அவருடைய பெருவிரல் பதிந்த பள்ளம் இருந்தது. விடியுமுன் லயத்து வாசலில் அவர் அதனைத் தீட்டும் ஓசையே எனக்குத் துயிலெழுப்பும் மணி. அவர் மறைந்த ஆண்டிலே, பண்டிதப் பட்டம் பெற்ற செருக்கோடிருந்த நான், அதனைப் பழைய இரும்பு வாங்க வந்தவரிடம் எடைக்குப் போட்டேன். அப்பொழுது என் மேசைமேல் புறநானூறு விரித்தபடி கிடந்தது. தஞ்சை ஆயுதங்களை உடைத்தவரைக் குறைகூற எனக்கு வாய் ஏது?

இக்குற்றம் என் ஒருவனுடையதுதான். ஆயினும் இத்தகைய மறதிக்கு இடம்கொடுக்கும் ஓர் எண்ணம் நாட்டிலும் உண்டு. 1940இல் இயற்றிய தொல்பொருட் சட்டம், 1815 மார்ச் 2ஆந் தேதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் என்று வரையறுத்தது. கண்டி அரசு முடிந்த நாள் அது. இலூல்கந்துரையிலே தேயிலைத் தோட்டம் தொடங்கியதோ 1867இல். ஆகவே மலையகத்தார் கையில் எடுத்த கருவி ஒன்றேனும் அவ்வரையறைக்குள் அடங்காது. மன்னன் இடையில் தொங்கிய வாளுக்கு மதிப்புண்டு. மலையைப் பசுமையாக்கிய கத்திக்கு எடைதான் உண்டு. கம்பளைப் பக்கத்துப் பழைய பீக்கொக் தோட்டத்தில், லயன் அறைகளையே கூடமாக்கித் தோட்டத் தொழிலாளர்க்கென ஓர் அருங்காட்சியகம் அமைத்துள்ளனர். அம்முயற்சி போற்றத்தக்கது, ஆனால் ஒன்று போதாது.

காத்திருக்கக் காலமும் இல்லை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாட் காலையில், மீரியபெத்த மலை சரிந்து லயங்களை மூடியது. மாண்ட உயிர்களின் முன் கத்தியும் கூடையும் பெரிதல்ல. எனினும், தலைமுறைகள் புழங்கிய பொருள்கள் அத்தனையும் சில நிமிடங்களில் மண்ணுக்குள் மறைந்தன என்பதும் ஓர் இழப்பே. மக்கள் வேறிடத்திற் குடியேறினர். முன்னோர் இங்கே வாழ்ந்தமைக்குக் கையிலெடுத்துக் காட்ட எஞ்சியது மிகச் சிறிது.

ஆதலால் என் வேண்டுகோள் இரண்டு. செல்வமும் ஓய்வும் உடைய அன்பர்கள் வாள் திரட்டுக, வாங்குமுன், "இது யார் கையிலிருந்து வந்தது?" என்று கேட்க. விடையில்லாத பொருளை விலை குறைவென்று மகிழ்ந்து வாங்கற்க. தோட்டப் பள்ளிகளின் ஆசிரியர்களோ, பள்ளிக்கு ஓர் அலுமாரியேனும் ஒதுக்கி, கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, பழைய சம்பளச் சீட்டு முதலியவற்றைச் சேர்த்து வைக்க. ஒவ்வொன்றின் அருகும் உரியவர் பெயரையும் ஊரையும் எழுதி வைக்க.

எங்கள் பள்ளியில் இதனைத் தொடங்கிவிட்டோம். முதன்முதல் ஒரு மூதாட்டி தம் கணவரின் கத்தியைக் கொணர்ந்தார். "என்ன எழுத வேண்டும், ஆத்தா?" என்றேன். அவர் பேரும், வெட்டிய மலைகளின் பேரும் போதும் என்றார். ஐந்து மலைகளின் பெயரைத் தடையின்றிச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். என் தந்தையார் வெட்டிய மலைகள் எவை என்று அன்றிரவு நினைத்துப் பார்த்தேன். இரண்டுதான் நினைவுக்கு வந்தன.